வறுமணலும் வளைந்த குழாயும்

கார்த்திகைத் திங்களின் கடைசி மழை ஓய்ந்து, கருமுகில்களெல்லாம் காவிரிப் பக்கமாய் ஒதுங்கிப் போய்விட்ட ஒரு விடியற்போதில், பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையின் இருமருங்கும் பரந்து கிடந்த செம்மண் நிலம், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய களியைப்போல் இளவெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அறுத்து முடித்த கேழ்வரகுத் தாள்கள் வரப்போரம் குவிந்திருக்க, மாந்தோப்புகள் மழைநீர் சொட்டச் சொட்ட நின்றிருக்க, மேய்ச்சலுக்குப் புறப்பட்ட ஆட்டு மந்தையின் மணியோசை மேட்டுக்கு மேடு தாவிச் சென்று மலையடியில் தேய்ந்து மறைந்தது. நயமறிந்து படிக்கும் வாசகரே, இப்பக்கத்தில் மண்ணைவிடப் பாறையே மிகுதி என்று குறை சொல்லுவார் உளர். சொல்லட்டும்! உழவுக்கு உதவாத பாறையின் தலையில் வீட்டைக் கட்டிக்கொண்டு, உழக்கூடிய நிலத்தில் ஓரடியையும் வீணாக்காமல் வாழும் இவ்வூராரின் கூர்மையை அவர் எங்கே கண்டார்?

அப்படியொரு பாறையின் மேல்தான் சென்னப்பனின் வீடு நின்றது. பாறையையே வெட்டிச் செதுக்கிய படிகள், ஓராள் மட்டும் நடக்கும் அகலத்தில், வாசலிலிருந்து நேரே இறங்கி, நடுவே பானை வயிறுபோல் புடைத்து நின்ற ஒரு கல்முகட்டைச் சுற்றித் திரும்பி, பின்னர் முற்றத்துப் புளியமரத்தை நோக்கி இறங்கின. நல்ல கால் உள்ளவர்க்கு அப்படிகள் ஒரு பொருட்டே அல்ல. சென்னப்பனுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அவன் சரக்குந்து ஓட்டியவன். ஊரார் அதை லாரி என்பர், நாம் சரக்குந்து என்று எழுதுவது அவன் காதில் விழுந்தால் வாய்விட்டுச் சிரிப்பான். தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில், முன்னும் பின்னும் வண்டிகள் முட்டி மோதிக் கிடந்த நாள்களிலும், சுமை ஏற்றிய வண்டியைச் சிறு கீறலும் இல்லாமல் இறக்கிக் கொண்டுவந்தவன் என்ற பெயர் அவனுக்கு உண்டு. சென்ற ஆண்டு வாதம் வந்து அவனுடைய வலக்கையையும் வலக்காலையும் ஒரே நாளில் கட்டிப்போட்டுவிட்டது.

மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். நாள்தோறும் படியிறங்கி, வெளியே நடந்து பழகினால் கால் மீளும். கட்டிலிலேயே கிடந்தால் நரம்புகள் அப்படியே இறுகிப்போகும், அதன்பின் வருந்திப் பயனில்லை. இறங்கும் முறையையும் அவரே காட்டிக்கொடுத்தார். முகம் வீட்டைப் பார்த்திருக்க, நல்ல கையான இடக்கையால் கைப்பிடிக் குழாயைப் பற்றி, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாகவே அடிவைத்து இறங்க வேண்டும். பின்னே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பற்றிய கைதான் வழி காட்ட வேண்டும். "ரிவர்சு எடுக்கறதுதானே, இது எனக்குப் புதுசா?" என்று சென்னப்பனும் அன்று சிரித்தபடியே ஒப்புக்கொண்டான்.

ஆனால் பட்டறைக்காரர் வந்து நட்டுவிட்டுப் போன கைப்பிடி, மேலே ஒரு நேர்குழாயும் கீழே ஒரு நேர்குழாயுமாய் இருந்ததே தவிர, நடுவில் கல்முகட்டைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒன்றுமே இல்லை. நேராக வெட்டிப் பொருத்தத்தான் தெரியும், வளைக்கும் பொறி தம்மிடம் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். ஐப்பசியில் ஒருநாள் சென்னப்பன் அந்த வெற்றிடத்தில் கையைத் துழாவினான். பிடிக்கக் குழாய் இல்லை. பாறையில் சரிந்து விழுந்தான். எலும்பு முறியவில்லை, துணிவுதான் முறிந்தது. அன்று கட்டிலுக்குப் போனவன் அதன்பின் வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அவன் மனைவி சுகுணா ஊர்ப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். அவன் காலைத் தேய்த்துவிடும்போதெல்லாம், அது நாளுக்கு நாள் மெலிந்துவருவதை அவள் கை அளந்து அறிந்தது. ஒரு முடிவுக்கு வந்தவளாய், இரும்புக் கடையிலிருந்து படி நெடுகிலும் நீளும் அளவுக்கு ஒரே குழாயையும், பழகிப் பார்க்க ஒரு துண்டையும் வாங்கிவந்து முற்றத்தில் கிடத்தினாள். மழை ஓய்ந்த அவ்விடியலில் தடித்த கம்பியொன்றை எடுத்துப் படியோரமாய் வாசல்முதல் முற்றம்வரை வளைத்து வளைத்துப் பொருத்தி, மேற்சட்டைக்குக் கழுத்து வளைவு எடுப்பதுபோல் அந்தத் திருப்பத்தின் வடிவை அப்படியே பெயர்த்தெடுத்தாள். இனி இக்கம்பியைப்போல் குழாயையும் வளைத்துவிட்டால் கை விட்டுப்போகாத ஒரே கைப்பிடி ஆகிவிடும் என்பது அவள் எண்ணம்.

"ஏன்டி உனக்கு இந்த வேலையெல்லாம்? நான் எறங்கி எந்த நாட்டுக்குப் போவப் போறேன்? இங்கயே கெடக்கறேன், வுட்டுடு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க எந்த நாட்டுக்கும் போவ வேணாங்க. கீழ எறங்கி, புளியமரத்தடியில குந்தி, ரோட்டுல போறவங்க வர்றவங்கள வம்புக்கு இழுத்தாப் போதும். அதுக்குத்தான் இந்தப் பாடு," என்றாள் சுகுணா.

புளியமரத்தடியில் பழைய சரக்குந்துச் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்று, சென்னப்பனின் ஓட்டுநர் வாழ்வின் எச்சமாய், துருவேறிக் கிடந்தது. அதை மரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் இறுகக் கட்டி, மரத்துக்கும் பாறைக்கும் இடையே குழாய்த்துண்டின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைப் பிடித்து வளையத்தின் மேல் அழுத்தி இழுத்தாள். வளைந்தது என்று அவள் மகிழ்ந்த அந்நொடியே, குழாயின் உட்புறம் பொக்கென்று அமுங்கி, தப்பாக மடித்த பனையோலைபோல் ஒடிந்து தட்டையாகிவிட்டது. வெறுங்குழாய் அப்படித்தான், வளையும்போது வெளிப்புறம் நீள வேண்டும், உட்புறம் சுருங்க வேண்டும், உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமில்லாவிட்டால் வயிறு ஒட்டிப்போகும். கழுத்துப்பட்டியை வளைத்துத் தைக்கும்போது துணியும் இதே பாடுதான் படுத்தும் என்பது தையற்காரிக்கு உடனே விளங்கிவிட்டது.

கைப்பேசிக் காணொளி ஒன்றில் யாரோ ஒருவன், அவளுக்குப் புரியாத ஒரு மொழியில் கலகலவென்று பேசிக்கொண்டே, குழாய்க்குள் பொடிமணிகளாய் எதையோ பழுப்பு நிறத்தில் கொட்டி நிரப்பி, இரு வாயையும் மரமுளையால் அடைத்து, தீயில் காட்டி வளைத்ததை அவள் பார்த்திருந்தாள். மணலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முற்றத்து மணற்குவியல் பத்து நாள் மழையைக் குடித்துச் சேறாய்க் கிடந்தது. ஈரமணலைக் கட்டிலடியில் பரப்பினாலும் உலர ஏழு நாள் ஆகும். அப்போது அவள் கண், வாசலோரம் பாயில் காய்ந்துகொண்டிருந்த புதுக் கேழ்வரகின்மேல் விழுந்தது. உருண்டை மணி, பழுப்பு நிறம், மணலைப்போலவே சரசரவென்று வழிந்தோடுவது! தருமபுரி மண்ணில் பிறந்து வளர்ந்த எவருக்குத்தான் அந்த எண்ணம் தோன்றாமற் போகும்? வேறு ஊரில் பிறந்திருந்தால் தப்பித்திருப்பாள், பாவம். முறம் முறமாய் அள்ளி நெடுங்குழாய்க்குள் கொட்டி, தரையில் தட்டித் தட்டி இறுக்கி, இரு வாயிலும் மரமுளையை அடித்து இறுக்கினாள்.

வளையத்தின் மேல் வைத்து இழுத்தாள். குழாய் இம்மியும் அசையவில்லை. ஒருத்தியின் எடைக்கு அது மசியவில்லை என்று கண்டு, காணொளிக்காரனைப்போல் தீயில் காட்டினால் இளகும் என்று துணிந்து, வளைய வேண்டிய இடத்தின் கீழே கடலைத்தொலியையும் தென்னை மட்டையையும் குவித்துக் கொளுத்தினாள். தீ நன்றாகப் பிடித்தது. முளை அடித்த முனைக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், மட்டை தீர்ந்துபோனதால் இன்னும் இரண்டு எடுத்துவர ஓரமாய் நகர்ந்து குனிந்தாள். அவள் குனிந்ததே அவளைக் காத்தது.

கேழ்வரகின் ஈரம் உள்ளுக்குள் கொதித்து, ஆவியாய்ப் பெருகி, போக வழியின்றி முட்டி, பாறை வெடிக்கு மருந்து வைத்தாற்போன்ற பேரோசையோடு மரமுளையைப் பிடுங்கி எறிந்தது. முளை சீறிச் சென்று கோழிக்கூட்டின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. வறுபட்ட கேழ்வரகு மாரிபோல் முற்றமெங்கும் பொழிந்தது. கோழிகள் அலறி ஓடின. சுகுணா காது அடைத்து, கண் இருண்டு, மட்டைக் குவியலின் மேல் அப்படியே அமர்ந்துவிட்டாள்.

"சுகுணா! ஏய் சுகுணா! என்னாச்சு? பேசுடி!"

மேலிருந்து வந்த அந்தக் கூவல் அடைத்துப்போன அவள் காதில் விழவேயில்லை. ஆதலால் அவள் மறுமொழி சொல்லவும் இல்லை. மறுமொழி வராத அந்தச் சில நொடிகளில் சென்னப்பன் பட்ட அச்சம் இன்னதென்று எழுத நம்மிடம் சொல் இல்லை. கட்டிலிலிருந்து உருண்டான், சுவரைப் பற்றி எழுந்தான், வாசலைக் கடந்தான், மேற்கைப்பிடியைப் பற்றிப் பின்புறமாக அடிமேல் அடிவைத்து இறங்கி, தான் விழுந்த அந்தத் திருப்பத்துக்கு வந்ததும், கை துழாவிய இடத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டு, ஒரு கணம் நின்றான். பிறகு படியிலேயே உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்தபடியே, இடக்கையை ஊன்றி ஊன்றி, வேட்டி கிழிய, முழங்கால் சிராய, கல்முகட்டைச் சுற்றித் தேய்ந்து தேய்ந்து இறங்கி வந்தான்.

சுகுணா தலைதூக்கிப் பார்த்தபோது, செம்மண் அப்பிய வேட்டியும் வியர்த்து வடியும் முகமுமாய்க் கடைசிப் படியில் அமர்ந்து, அவளையே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் அவள் கணவன். அவள் முகத்தில் கருகிய கேழ்வரகு ஒட்டியிருந்ததே தவிர, கீறல் ஏதும் இல்லை. அதைக் கண்டதும் அவன் அழுதுவிட்டான். அவனைப் படிக்குக் கீழே கண்டதும் அவளும் அழுதாள். அழுகை எப்போது சிரிப்பாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

"பைப்பு வளைக்கறேன்னு போயி பொரி பொரிச்சு வெச்சிருக்கறயே!" என்றான் சென்னப்பன், மூக்கை உறிஞ்சியபடி. வறுத்த கேழ்வரகின் மணம் முற்றமெங்கும் கமழ்ந்தது.

"ஏங்க, நீங்க எறங்கிட்டீங்க பாத்தீங்களா!"

"எறங்குனேனா உருண்டேனான்னு எனக்கே தெரியல. நீ பேசல, என் உசுரே போயிருச்சு. இனிமே மேல ஏறுனா, பைப்பப் புடிச்சுத்தான் ஏறுவேன். தூக்கிட்டுப் போறேன்னு யாரும் வரக் கூடாது. ஆமா."

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் சுகுணாவுக்குச் சிக்கல் விளங்கியது. ஏறவும் வழியில்லை, இருட்டுவதற்குள் கைப்பிடியும் ஆக வேண்டும். ஆகாவிட்டால் இன்று வந்த துணிவு நாளை வருமா?

ஓசை கேட்டு வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் கடலை வறுத்து விற்பவள் அவள். வாயும் அடுப்பைப்போலவே சூடானது. துளைபட்ட கோழிக்கூட்டையும், பழுப்பாய் விரிந்து கிடந்த முற்றத்தையும், கீழே இறங்கியிருந்த சென்னப்பனையும் மாறி மாறிப் பார்த்து, நடந்ததைக் கேட்டறிந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! திங்கற கேவுர அடைச்சா வெடி வுட்டே? தலைக்கு வந்தது கோழிக் கூட்டோட போச்சு, போ. மணலு ஈரம்னா என்னய ஒரு வாய் கேக்கறதுக்கு என்ன கண்ணு? என் வறுசட்டி மணலு, வெந்து வெந்து மாவாட்டம் கெடக்குதே!"

சுகுணாவுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நாள்தோறும் கடலையோடு நெருப்பில் புரண்டு, ஈரம் என்பதே அறியாத மென்மணல், வேலிக்கு அப்பால் இரண்டு தகரப்பெட்டி நிறைய இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதான் அவள் நாள்தோறும் ஊர்க்கதை பேசிவந்தாள். குள்ளம்மாள் மணலைக் கொண்டுவந்தாள். தீ பட்ட குழாய் ஆறியதும் கேழ்வரகைக் கொட்டித் தீர்த்து, வறுமணலை ஊற்றி, குழாயை நிமிர்த்திப் பிடித்துக் கட்டையால் தட்டித் தட்டி, தட்டும் ஓசை மந்தமாகும்வரை நிரப்பி, முளைகளை மீண்டும் அடித்தார்கள். தீயின் பேச்சையே எவரும் எடுக்கவில்லை. கோழிகள் மட்டும் திரும்பி வந்து, அன்றுபோல் ஒரு நாள் வாழ்வில் கண்டதில்லை என்று பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

இரு பெண்களும் குழாயின் நெடுமுனையைப் பற்றி இழுத்தார்கள். அது முனகிக்கொண்டே அசைந்தது. இன்னும் இழுக்கப் போனார்கள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று படியிலிருந்து அதட்டினான் சென்னப்பன். நெடுநாளாய்க் கேளாதிருந்த அந்த அதட்டலைக் கேட்டுச் சுகுணாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. "ஒரே எடத்துல ஒடிக்காத. தொப்பூர்ல அப்படி ஒடிச்சா வண்டி கவுந்து கெடக்கும். கொஞ்சம் ஒடி, பைப்ப ஒரு சாண் முன்ன தள்ளு, மறுபடி கொஞ்சம் ஒடி. வளைவு முச்சூடும் பங்கு போட்டு எடுக்கோணும்," என்றான், திருப்புவதை ஒடிப்பதென்னும் ஓட்டுநர் பேச்சில்.

"இத முன்னயே சொல்றதுக்கு என்னங்க?"

"முன்ன நீ என்னயக் கேட்டியா?"

கேட்கவில்லைதான். நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, அவனுக்கான கைப்பிடியை அவனைக் கேளாமலே செய்யத் தொடங்கியிருந்தாள். அவன் சொன்னபடியே குழாயை ஒரு சாண் முன்னே தள்ளினாள். சிறிது இழுப்பதும், சிறிது தள்ளுவதும், மீண்டும் இழுப்பதுமாய் வேலை நடந்தது. சென்னப்பன் கம்பி வடிவை மடியில் வைத்துக்கொண்டு, "வரலாம், வரலாம், இன்னும் ஒடிங்கக்கா, போதும்," என்று வண்டிக்கு வழி சொல்வதுபோல் குரல் கொடுத்தான். கம்பியின் அளவுக்கு வந்துவிட்டது என்று பெண்கள் பிடியை விட்டதும், குழாய் தானே கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. குள்ளம்மாள் சலித்துப்போய்த் திட்டினாள். "ஸ்டேரிங்கும் அப்படித்தான்க்கா, திருப்பி வுட்டா தானா வரும். ஒரு விரக்கடை கூட ஒடிங்க, வுட்டா சரியா வந்து நிக்கும்," என்றான் அவன். கூட ஒடித்தார்கள், விட்டார்கள், கம்பியின்மேல் வைத்த குழாய் அதனோடு இழைந்து நின்றது. உட்புறம் எங்கும் அமுங்கவில்லை, ஒரு சுருக்கமும் விழவில்லை. சுகுணா அவ்வளைவை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

பட்டறைக்காரரின் துண்டுக் குழாய்களைக் கழற்றிவிட்டு, அவர் நட்டிருந்த தூண்களின் தலையில் குழாய் அமரும் கிண்ணத் தாங்கிகளில், மணலைக் கொட்டிய புதிய குழாயை இருத்தி, அடியிலிருந்து திருகாணிகளை முடுக்கி முடிக்கையில், கதிரவன் மாந்தோப்புகளுக்குப் பின்னே சாய்ந்துகொண்டிருந்தான். திருப்பத்தில் குழாய் கல்முகட்டை அணைத்தாற்போல் சுற்றிச் சென்றது.

சென்னப்பன் எழுந்தான். இடக்கையைக் குழாயின்மேல் வைத்தான். நல்ல காலை மேலே வைத்து, நோயுற்ற காலை அதனருகே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாய் ஏறினான். இரு பெண்களும் கீழே நின்றார்கள். திருப்பம் வந்தது. கை குழாயை விட்டு எழவில்லை, வழுக்கிக்கொண்டே வளைந்தது, உடலும் அதன்பின்னே வளைந்தது. அவன் மேல்வாசலை எட்டியதும் சுகுணா கீழிருந்து, "உள்ள போயி செத்த சாஞ்சிருங்க, காப்பி கொண்டாறேன்," என்றாள்.

அவன் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கினான். பிறகு, எவரும் அழைக்காமலே, நோயுற்ற காலைப் பின்னே நீட்டிக் கீழ்ப்படியைத் தேடி வைத்தான்.

சுகுணா பதறிப்போனாள். "வரலாங்க, வரலாம். இன்னும் ஒண்ணு. வரலாம். இங்க திருப்பம், ஒடிங்க, ஒடிங்க!"

"கத்தாத, சுகுணா," என்றான் அவன், திரும்பிப் பாராமலே. "கை சொல்லுது."

வழி சொல்ல நீட்டிய கையை அவள் இறக்கிக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. தன் வீட்டுப் படியில் தானே இறங்குவது எத்துணைச் சிறிய செயல், வாசகரே! நாமெல்லாம் அதை எண்ணிப் பார்ப்பதும் இல்லை. அது இயலாமற் கிடந்து, ஒரு மாலையில் மீண்டும் இயன்றவனைக் கேட்டால், உலகில் அதைவிடப் பெரிய பேறு உண்டென்று அவன் ஒப்பமாட்டான். இழந்தவை எல்லாம் திரும்பிவிடும் என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. அவன் வலக்கை இன்னும் மடங்கியேதான் இருந்தது. ஆனாலும் அன்று அந்தி மயங்குமுன், தருமபுரிச் சீமையின் ஒரு பாறை முற்றத்தில், புளியமரத்தடியில் காலை நீட்டி அமர்ந்திருந்தான் சென்னப்பன். மிதிவண்டியில் சாலையோடு போன ஒருவரைப் பார்த்து, அவன் குரல் ஓங்கி எழுந்தது.

"ஏம்ப்பா, வண்டிய நீ ஓட்டறயா, வண்டி உன்ன ஓட்டுதா?"